கோரையும் அருகும் மண்டிய பாத்திகள்: உழுவதா, கொத்துவதா, மூடுவதா?

புதுமண்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பின்புறம் நான்கு பாத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். போன பருவம் எதுவும் போடவில்லை, இப்போது இடுப்பு உயரத்துக்குக் களை நிற்கிறது. விதைப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

முதல் பாத்தி முழுக்கக் கோரை. இரண்டாவதில் ஓரத்திலிருந்து அருகம்புல் ஏறி வந்து நடுவரை படர்ந்துவிட்டது. மூன்றிலும் நான்கிலும் கலவையாக ஏதேதோ. அதில் ஒன்றுக்கு கேரட் இலை மாதிரி பிளந்த இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அதைப் பிடுங்கிய அன்று கை அரித்தது.

சின்ன உழவு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரே நாளில் நான்கையும் ஓட்டி, உரம் போட்டு மட்டப்படுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

கொத்துக்காரர்

சரிதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேலே நிற்பதை அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். மடங்கிய களை மண்ணுக்குள் மட்கி உரமாகிவிடும். பத்து நாள் விட்டு மறுபடி ஒரு ஓட்டு. முடிந்தது.

நிழல்வலை

புதுமண், இயந்திரத்தை இன்னும் பேசி முடிக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். முதல் இரண்டு பாத்தியில் அதை ஓட்டவே கூடாது.

கோரை விதையை நம்பி வாழும் செடி இல்லை. மண்ணுக்கடியில் கிழங்குகள், மாலையில் கோத்த மணி போல, மெல்லிய தண்டால் வரிசையாக இணைந்திருக்கும். அந்த வரிசையின் நுனியில் உள்ள கிழங்கு முளைத்து நிற்கும்போது மற்றவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். உழவு இயந்திரம் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். தூங்கிய கிழங்கெல்லாம் தனித்தனிச் செடியாகக் கிளம்பும். இப்போது நிற்பதைவிட அடர்த்தியாக வரும்.

அருகும் அப்படித்தான். மேலே ஓடுதண்டு, கீழே மட்டத்தண்டு, இரண்டிலும் கணுவுக்குக் கணு மொட்டு. இரண்டு அங்குலத் துண்டு போதும், ஈரம் இருந்தால் வேர் விட்டுவிடும். இயந்திரம் அதைச் சரியாக அந்த அளவுக்குத்தான் நறுக்கிப் பரப்பும்.

மூன்று, நான்கு வேறு கதை. அங்கே இருப்பது பெரும்பாலும் விதையில் வரும் களை. ஆனால் நீங்கள் சொன்ன கேரட் இலைச் செடி பார்த்தீனியம் போலத் தெரிகிறது. தண்டில் நீளவாட்டில் வரிகளும் மெல்லிய ரோமமும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கையால் தொடாதீர்கள்.

சோம்பேறித்தோட்டம்

நான் வழக்கம்போல் சொல்வதையே சொல்கிறேன்: தோண்டவே வேண்டாம். களையைத் தரையோடு அறுங்கள், அறுத்ததை அங்கேயே பரப்புங்கள், மேலே அட்டைப்பெட்டி அட்டை. ஒட்டுநாடாவையும் கம்பி ஊசியையும் எடுத்துவிட்டு, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, அதன்மேல் மட்கு உரம் 10 சென்டிமீட்டர். நாற்று வைப்பதென்றால் அன்றைக்கே வைக்கலாம். முதுகும் பிழைக்கும், மண்புழுவும் பிழைக்கும்.

கொத்துக்காரர்

அட்டை கோரையை நிறுத்துமா? கோரை முனை பாலித்தீன் தாளையே குத்திக்கொண்டு வெளியே வருகிறது. நனைந்த அட்டை அதற்கு ஒரு பொருட்டா?

இயந்திரம் பற்றி நிழல்வலை சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கோரையை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு மேலே மெத்தை போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

சோம்பேறித்தோட்டம்

கோரைக்கு மட்டும் நீங்கள் சொல்வது சரி. அட்டையைத் துளைக்கும். ஆனால் மூன்று, நான்காவது பாத்திக்கு அட்டையை மிஞ்ச எதுவும் இல்லை, எழுதி வேண்டுமானாலும் தருகிறேன்.

விதைப்பெட்டி

மூன்று, நான்கில் உழுவதற்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. களை விதைகளில் பல, முளைக்க வெளிச்சம் கேட்கும். ஆழத்தில் கிடப்பவை ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். மண்ணைப் புரட்டும்போது ஒரு நொடி வெளிச்சம் பட்டாலே சிலவற்றுக்குப் போதும், முளைப்பு தொடங்கிவிடும். புரட்டுவதில் மேலே வந்து சேரும் புது விதைகள் வேறு.

எத்தனை காலம் கிடக்கும் என்றால், அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் இருபது புட்டிகளில் களை விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கப் போடுகிறார்கள். 2021-ல் எடுத்த புட்டியில், 142 ஆண்டு கழித்தும், சில விதைகள் முளைத்தன. தோண்டுவதுகூட இரவில்தான், மிச்சப் புட்டிகள்மீது வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக. எல்லாக் களையும் இப்படி இல்லை, பெரும்பாலானவை அதற்கு வெகுமுன்பே செத்துவிடும். ஆனாலும் ஒரு பருவம் விதை கொட்டவிட்டால் அது அந்தப் பருவத்தோடு போகாது.

அதனால் புதுமண், மற்ற விவாதமெல்லாம் அப்புறம். பூத்து நிற்பதை இன்றைக்கே எடுங்கள்.

புதுமண்

தண்டில் வரி இருக்கிறது, ரோமமும் இருக்கிறது. பார்த்தீனியம்தான் போல. பூ வந்ததை எப்படி எடுப்பது? அறுத்தால் போதுமா?

இன்னொன்று, வினிகரும் உப்பும் சோப்பும் கலந்து அடித்தால் எல்லாக் களையும் கருகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

நிழல்வலை

அறுத்தால் போதாது, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். முந்தின நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிவிட்டு வேரோடு இழுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்குத் துணி. பூ உள்ள தலையை முதலில் ஒரு சாக்குக்குள் விட்டுக் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் பிடுங்கினால் விதை உதிராது. ஒரு செடியே பல்லாயிரம் விதை போடும், அதனால் இந்தச் சின்ன வேலையில் சோம்பல் வேண்டாம். ஒரு முறை அரித்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாகத் தடிக்கலாம். ஏற்கனவே தோல் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

உப்பு வேண்டவே வேண்டாம். களை கருகுவது உண்மைதான். ஆனால் உப்பு எங்கே போகும்? பாத்தியிலேயேதான் இருக்கும், அடுத்து நீங்கள் போடும் நாற்றும் அதே உப்பில்தான் நிற்க வேண்டும். வினிகர் மட்டும் அடித்தால் பட்ட இலை கருகும், விதையில் வந்த இளம் களை சாகும். கோரைக்கும் அருகுக்கும் அது முடிவெட்டிவிட்ட கணக்குத்தான்.

கொத்துக்காரர்

காணொளியில் மறுநாள் கருகியதைக் காட்டுவார்கள். மூன்று வாரம் கழித்து யாரும் காட்டுவதில்லை.

வெயில்காலம்

கிளைபோசேட் களைக்கொல்லி பற்றி யாரும் பேசவில்லையே? கோரைக்கும் அருகுக்கும் இலை வழியாக உள்ளே இறங்கி வேர் வரை போவது அது மாதிரி மருந்துதான்.

நிழல்வலை

போகும், மறுக்கவில்லை. நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் இலையில் பட்டால் இணைந்த கிழங்குக்கும் கொஞ்சம் போகும். ஆனால் இலை விடாமல் தூங்கும் கிழங்குக்குப் போகாது, அதனால் அதிலும் ஒரே அடியில் முடியாது. சில இடங்களில் அதன் பயன்பாட்டுக்கே சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. நான்கு வீட்டுப் பாத்திக்கு, அதுவும் பக்கத்துப் பாத்தியில் காய்கறி வரப்போகும் இடத்தில், எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. இது என் கருத்து.

சோம்பேறித்தோட்டம்

நானும் அதே பக்கம். போன தடவை இந்தப் பேச்சு வந்தபோது இழை எங்கோ போனது ஞாபகம் இருக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர்

நன்றி. களைக்கொல்லி பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே பாத்தி.

வெயில்காலம்

சரி. அப்படியானால் என் பெயருக்கேற்ற யோசனை: வெயிலில் மண்ணை வேக வைப்பது. 1970-களில் இஸ்ரேலில் யாக்கோவ் காட்டான் குழுவினர் மண்ணில் வரும் பூஞ்சை நோய்களுக்காக இதை ஆராய்ந்தார்கள். களைக்கும் நன்றாக வேலை செய்கிறது. களையை எடுத்து, கட்டி உடைத்து மட்டப்படுத்தி, ஒரு சாண் ஆழம் வரை நனையும்படி தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். 25 முதல் 50 மைக்ரான் தடிமன் போதும். நான்கு முதல் ஆறு வாரம். நல்ல வெயிலில் மேல் 5 சென்டிமீட்டர் மண் 50 டிகிரியைத் தொடும்.

இரண்டு இடத்தில் கவனம். முதலாவது, கறுப்புத் தாள் இதற்கு ஆகாது. கறுப்பு வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், மண் அந்த அளவு சூடாகாது. தெளிவான தாள் வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை அடைக்கும். இரண்டாவது, தாளை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள். மேல்மண் விதைதான் வெந்திருக்கும், கொத்தினால் கீழே வேகாமல் கிடப்பது மேலே வந்துவிடும்.

கொத்துக்காரர்

கோரைக்கு?

வெயில்காலம்

கோரைக்கு அரைகுறைதான். மேலாகக் கிடக்கும் கிழங்கு வேகும், ஆழத்தில் உள்ளது பிழைத்து வரும். மேகமூட்டமான காலமென்றால் எந்தக் களைக்கும் இதை முயற்சி செய்யாதீர்கள். உள்ளே கதகதப்பாக இருந்தால் களைக்கு அது பசுமைக்குடில்.

புதுமண்

இப்போது இங்கே பாதி நாள் மேகம். அப்படியானால் இது எனக்கில்லை. மூன்று, நான்குக்கு அட்டை என்று வைத்துக்கொள்ளலாமா? ஆனால் ஒரு பாத்தியில் கேரட்டும் முள்ளங்கியும் நேரடியாக விதைக்க ஆசை. மற்றதில் தக்காளி, கத்தரி நாற்று.

விதைப்பெட்டி

நாற்றுக்கு அட்டை சரி. கேரட்டுக்கு நான் அட்டை போட மாட்டேன். கீழே அட்டை மட்கி முடியும் முன் வேர் இறங்கினால் கோணலாகப் போகும்.

கேரட் பாத்திக்கு இப்படிச் செய்து பாருங்கள். களையை எடுத்து, விதைக்கப் போவது போலவே பாத்தியை முழுதாகத் தயார் செய்யுங்கள். உரம், மட்டம் எல்லாம் முடித்துவிடுங்கள். விதை மட்டும் போடாதீர்கள். தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் களை பச்சையாகக் கிளம்பும். இரண்டு இலைப் பருவத்தில், வெயில் அடிக்கும் காலையில், களைக்கொத்தை மண்ணோடு ஒட்டிப் பிடித்து இரண்டு விரல் ஆழத்துக்குள் சீவிவிடுங்கள். அதற்குக் கீழே போகவே கூடாது. மறுபடி தண்ணீர், மறுபடி சீவல். உங்கள் ஆறு வாரத்தில் இப்படி இரண்டு சுற்று தாராளமாக முடியும். சின்ன விதைக் களையில் பெரும்பாலானவை மேல் ஓரிரு அங்குலத்தில் கிடப்பவைதான் முளைக்கும். அதைச் செலவழித்துவிட்டு அப்புறம் கேரட் விதையைப் போட்டால், முளைத்து வரும் மயிரிழை நாற்றைக் களைக்கு நடுவில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

களைக்கொத்தை முதலில் அரம் போட்டுத் தீட்டிக்கொள்ளுங்கள். மழுங்கிய கொத்து களையைச் சீவாது, புரட்டி இன்னொரு இடத்தில் நட்டுவிடும்.

கொத்துக்காரர்

இது நல்ல முறை. ஒப்புக்கொள்கிறேன். சீவிய அன்று தண்ணீர் விடாதீர்கள், வேர் காயட்டும். பருப்புக்கீரை மாதிரி சதைப்பற்றுள்ளவை இருந்தால் சீவினது மட்டும் போதாது, பொறுக்கி வெளியே போடுங்கள். ஈரமண்ணில் கிடந்தால் தண்டிலேயே வேர் விடும்.

இனி அருகும் கோரையும். இதில் என் அனுபவம் கொஞ்சம் அதிகம், சொல்கிறேன்.

அருகுக்கு முள்கரண்டி போன்ற மண் கிளறி வேண்டும். மண்வெட்டி வேண்டாம், வெட்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்து மண்ணை நெம்பித் தூக்குங்கள், வெள்ளைத் தண்டு நீளமாக வரும், அறுக்காமல் கூடவே போய் இழுங்கள். மண் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் தண்டு ஒடியும், சேறாக இருந்தால் மண் கட்டியாகும். எடுத்ததைக் குப்பைக்குழியில் போடாமல் கல் தரையில் மொறுமொறுவென்று காயவிட்டு அப்புறம் போடுங்கள். முக்கியமானது இனிமேல்தான்: அது வந்த வழியை அடையுங்கள். பாத்திக்கு வெளியே உள்ள புல்வெளிக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி, அதை மாதம் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும். அருகு அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும், பிடித்துவிடலாம். வாய்க்கால் இல்லாமல் உள்ளே மட்டும் எடுத்தால் அடுத்த பருவம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கோரைக்கு ஆறு வாரத்தில் முடிவு கிடையாது. கிழங்கில் பெரும்பகுதி ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். தோண்டி, சலித்து, கையில் கிடைப்பதை எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். மிச்சம் முளைத்து வரும். வந்ததும் பிடுங்குங்கள், மறுபடி வரும், மறுபடி பிடுங்குங்கள். புது முளை தலைகாட்டி மூன்று வாரத்துக்குள் பிடுங்கிக்கொண்டே இருந்தால் புதுக் கிழங்கு கட்ட அதற்கு நேரம் கிடைக்காது, பழைய கிழங்கில் உள்ள சேமிப்பு கரையும். ஒரு வருடம் விடாமல் செய்தால் பாதிக்கு மேல் அடங்கும்.

நிழல்வலை

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. அந்தப் பாத்தியில் வெங்காயம், கேரட் மாதிரி நிழல் தராத பயிரைப் போடவே வேண்டாம். தட்டைப்பயறு, பூசணி, சர்க்கரைவள்ளி என்று சீக்கிரம் தரையை மூடும் பயிராக வையுங்கள். அல்லது இந்தப் பருவம் அந்த ஒரு பாத்தியைச் சாப்பாட்டுக்கு எதிர்பார்க்காமல் சணப்பை என்ற பசுந்தாள் உரப்பயிரை நெருக்கமாக விதைத்து, பூ எடுக்கும்போது அறுத்து மூடாக்காகப் போடுங்கள். நிழலுக்கு நிழல், உரத்துக்கு உரம்.

மண்புழுராஜா

தாமதமாக வருகிறேன். எல்லோரும் களையை எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், உரத்தோடு களையைக் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சரியாக மட்காத தொழுவுரத்தில் புல் விதை உயிரோடு இருக்கும், மாட்டின் வயிறு எல்லா விதையையும் கொல்வதில்லை. குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் இரண்டு வாரம் சூடாகி, இடையிடையே புரட்டிவிட்டதாக இருந்தால் நம்பலாம். புது உரத்தை வாங்கி நேராகப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மேய்ச்சல் நிலத்தில் அகல இலைக் களைக்கு அடிக்கும் அமினோபைரலிட் போன்ற மருந்து புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றைத் தாண்டி, சாணத்திலும் அப்படியே வரும். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. தக்காளி, அவரை இலை மட்டும் சுருண்டு கிண்ணமாகும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உரமென்றால், விதைப்புக்கு முன் ஒரு தொட்டியில் அந்த உரத்தை மண்ணோடு கலந்து நாலு பீன்ஸ் விதை போடுங்கள். பக்கத்தில் உரமில்லாத தொட்டியிலும் நாலு. மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். உங்களுக்கு ஆறு வாரம் இருப்பதால் நேரம் இருக்கிறது, இன்றே போடுங்கள்.

அளவு கேட்பீர்கள்: ஒரு பாத்திக்கு 3.6 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப 180 லிட்டர் வேண்டும். நான்குக்கும் சேர்த்து 720. முதல் வருடம் இவ்வளவு நல்லது, அடுத்தடுத்து பாதி போதும்.

புதுமண்

720 லிட்டரா! அட்டைக்கு மேலே 10 சென்டிமீட்டர் என்று சோம்பேறித்தோட்டம் சொன்னார், அப்படியானால் அந்தப் பாத்திக்கு மட்டும் 360 ஆகிவிடுமே. மரத்தூள் நிறையக் கிடைக்கிறது, அதைப் பாதி கலந்துகொள்ளலாமா?

மண்புழுராஜா

கலக்காதீர்கள். பச்சை மரத்தூளை மண்ணுக்குள் கலந்தால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும். நடைபாதையில் அட்டைக்கு மேல் தாராளமாகப் போடுங்கள். அங்கே அது களையை அடக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை.

சோம்பேறித்தோட்டம்

பத்து சென்டிமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அட்டைக்கு மேல் மட்கு ஐந்து, அதற்கு மேல் காய்ந்த வைக்கோல் அல்லது சருகு. நாற்று வைக்கும் இடத்தில் மட்டும் அட்டையைக் கிழித்து, குழியில் மட்கு நிரப்பி நடுங்கள். வைக்கோலில் தானியக் கதிர் இல்லாததாகப் பாருங்கள், இல்லையென்றால் அதுவே முளைக்கும்.

விதைப்பெட்டி

தக்காளி, கத்தரி என்றீர்கள். அந்தப் பாத்தியில் முன்பு என்ன இருந்தது? பழைய செடியின் வேர் இன்னும் கிடந்தால் பிடுங்கிப் பாருங்கள். வேரே அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, வேருக்குள் புகும் நுண்ணிய புழு. பயறு வகையின் வேரில் வரும் முடிச்சு வேறு, அது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் கழன்றுவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதைக் கண்டால் பயப்பட வேண்டாம்.

புதுமண்

மூன்றாவது பாத்தியில் முன்பு கத்தரிதான் இருந்தது. ஒரு வேரைத் தோண்டிப் பார்த்தேன். முடிச்சு இருக்கிறது, தேய்த்தால் கழலவில்லை.

விதைப்பெட்டி

அப்படியானால் தக்காளியையும் கத்தரியையும் அங்கே வைக்காதீர்கள். கேரட்டும் அங்கே வேண்டாம், கிழங்கு பிளந்து கோணிப்போகும். நாற்றையும் கேரட்டையும் நான்காவது பாத்தியில் பாதிப் பாதியாக வையுங்கள். மூன்றாவதில் பழைய வேரையெல்லாம் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, சணப்பையோ கேந்தியோ நெருக்கமாகப் போட்டு ஒரு பருவம் விடுங்கள். இரண்டுமே நூற்புழுவைக் குறைக்கும். மூன்றாவதில் வேலை செய்த கருவியைக் கழுவாமல் நான்காவதுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நிழல்வலை

கோரைப் பாத்திக்கும் நூற்புழுப் பாத்திக்கும் சணப்பை. ஒரே விதைப் பொட்டலத்தில் வேலை முடிகிறது.

புதுமண்

இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூத்த பார்த்தீனியத்தைச் சாக்குப் போட்டு எடுத்தாயிற்று, இப்போது அரிப்பில்லை. பீன்ஸ் தொட்டி இரண்டும் வைத்துவிட்டேன். ஒன்றும் மூன்றும் சணப்பை. அருகுப் பாத்தியில் வாய்க்கால் வெட்டிவிட்டு நாற்றுக்கு வைத்துக்கொள்கிறேன். நான்காவதில் ஒரு பாதிக்கு விதைப்பெட்டி சொன்ன சீவல், மறுபாதிக்கு அட்டை.

கடைசியாக ஒன்று: கொத்துக்காரர் லேசான ஈரம் என்றார். அதை எப்படித் தெரிந்துகொள்வது? நேற்று கிளறிப் பார்த்தபோது பெரிய பெரிய கட்டியாக வந்தது.

கொத்துக்காரர்

ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் பளபளவென்று இருந்தால் இன்னும் இரண்டு நாள் காயவிடுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் முந்தின மாலை தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கிளறின களிமண் காய்ந்தால் கல்லாகிவிடும், அந்தக் கட்டியை அந்தப் பருவம் முழுக்க உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். வாய்க்கால் வெட்டும்போது மட்டும் ஈரம் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.